ஸ்லாப்ஸ்டிக்: அடிதடியா, சேட்டையா?

வழுக்கி விழுவது, உதை வாங்குவது, துரத்திக்கொண்டு ஓடுவது, ஏணியோடு சரிவது. சினிமா விமர்சனங்களில் ‘ஸ்லாப்ஸ்டிக் காமெடி’ என்று வருவதெல்லாம் இந்த வகைதான். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

சொல் பிறந்தது ஒரு மேடைப் பொருளிலிருந்து. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் செழித்த ‘கொம்மேடியா தெல்லார்தே’ என்ற முகமூடி நாடகத்தில் அர்லெக்கினோ என்றொரு குறும்புக்கார வேலைக்காரன் வருவான். அவன் கையில் இருக்கும் மட்டை, இரண்டு மெல்லிய மரப்பட்டைகளைக் கைப்பிடியில் மட்டும் சேர்த்துச் செய்தது. யார் முதுகிலாவது ஒன்று வைத்தால் பட்டைகள் ஒன்றோடொன்று மோதிப் ‘பட்டீர்’ என்று சத்தம் வரும். வலி அவ்வளவாக இருக்காது. ஆங்கிலத்தில் ‘ஸ்லாப்’ என்றால் அறை, ‘ஸ்டிக்’ என்றால் கோல். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருவியின் பெயர் நகைச்சுவை வகைக்கே பெயராகிவிட்டது. மேற்கத்திய இசைக்குழுக்களில் சவுக்கடி ஓசைக்கு இதே அமைப்பில் ஒரு தாளக்கருவி இன்றும் உண்டு.

இப்படிச் சத்தத்தால் பெயர் பெற்றது, உச்சம் தொட்டதோ ஊமைப் படங்களில்! மட்டையடி காதில் விழாது என்றானபின் மிஞ்சியது நடிகரின் உடம்பு மட்டும்தான்.

அமெரிக்க ஊமைப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் நடித்து 1928இல் வந்த ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தைப் பாருங்கள். ஆற்றில் நீராவிப் படகு விடும் இரண்டு முதலாளிகளுக்குள் தொழில் போட்டி. ஒருவரிடம் பழைய ஓட்டைப் படகு, இன்னொருவரிடம் பளபளக்கும் புதுப் படகு. பழைய படகுக்காரரின் மகனாக வரும் கீட்டனுக்கும் புதுப் படகுக்காரரின் மகளுக்கும் காதல். கதை நமக்கு ஒன்றும் புதிதில்லை. பார்க்கவேண்டியது புயல் காட்சியை. வீட்டின் முன்சுவர் முழுதாகப் பெயர்ந்து கீட்டன் மேல் சாய்கிறது. திறந்திருந்த மாடி ஜன்னல் சரியாக அவர் நின்ற இடத்தில் இறங்க, தலை தப்புகிறது. தந்திரக் காட்சி அல்ல, நிஜச் சுவர். எடை சுமார் 2 டன், அவருக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவே சில அங்குலம். முதலில் வெள்ளம் என்றுதான் திட்டமிட்டிருந்தார்கள். 1927இல் மிசிசிப்பி ஆறு பெருக்கெடுத்துப் பெருநாசம் விளைத்திருந்ததால் அது புயலாக மாறியது.

இந்தக் காட்சியில் கோலும் இல்லை, அடித்தவரும் இல்லை. ஆகவே ‘அடிதடி நகைச்சுவை’ என்ற மொழிபெயர்ப்பு எனக்கு ஒப்பவில்லை; தமிழில் அடிதடி என்றால் போலீஸ் ஸ்டேஷன் வரை போகும் சமாச்சாரம். ‘கோமாளித்தனம்’ திட்டுவதற்குத்தான் பயன்படுகிறது.

‘சேட்டை நகைச்சுவை’ பொருந்தும் என்பேன். சேட்டையின் மூலம் வடமொழி ‘சேஷ்டா’. அதன் பொருள் உடலசைவு, அங்கங்களின் இயக்கம். குறும்பு என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. (மூதேவியைக் குறிக்கும் சேட்டை வேறு, அது ‘ஜ்யேஷ்டா’வின் திரிபு.) புயற்காற்றில் உடம்பைச் சாய்த்து, வைத்த அடி நகராமல் தள்ளாடும் கீட்டனுக்கு அந்தப் பழைய பொருள் அப்படியே ஒட்டுகிறது. வடசொல் வேண்டாம் என்பவர்கள் ‘மெய்ந்நகை’ என்று எழுதலாம். உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்கிறோமே, அதில் உள்ள அதே மெய்தான், அதாவது உடம்பு. ஆனால் மெய்க்கு உண்மை என்ற பொருளும் இருப்பதால், முதன்முறை எழுதும்போது ஒரு வரி விளக்கம் சேர்க்கவேண்டி வரும்.