பத்துக்குப் பத்து அறையும் ஆறடிக் கட்டிலும்

பிளானில் பத்துக்குப் பத்து என்று போட்டிருக்கும் படுக்கையறை, சாவி கைக்கு வரும்போது பத்துக்குப் பத்து இருப்பதில்லை. பெரும்பாலும் அது பூசாத சுவருக்கான அளவு. இரு பக்கப் பூச்சில் ஓர் அங்குலம் போகும். ஸ்கர்டிங் டைல் தரையோரமாக இன்னும் ஓர் அங்குலம் தின்னும். மிச்சம் 9 அடி 10 அங்குலம்.

இதில் 2 அடி ஆழ அலமாரியும் ஆறடி அகல மெத்தையும் வேண்டும் என்பார்கள். கட்டிலின் சட்டத்தையும் சேர்த்தால் 6 அடி 3 அங்குலம். எதிர்ச்சுவரை ஒட்டித் தள்ளிப் போட்டாலும் நடுவே 1 அடி 7 அங்குலம்தான் மிஞ்சும். அலமாரியின் ஒன்றரை அடிக் கதவு திறக்கும். திறப்பவர் நிற்க இடம் இருக்காது. ஐந்தடி மெத்தை என்றால் 2 அடி 7 அங்குலம் கிடைக்கும். குனிந்து கீழ் இழுப்பறையை இழுக்க இது போதும்.

“ஸ்லைடிங் கதவு போட்டுக்கலாமே” என்பது பாதித் தீர்வுதான். இரண்டு தண்டவாளங்களுக்கு மூன்று, நான்கு அங்குல ஆழம் போய்விடும். ஹேங்கரில் தொங்கும் சட்டைக்கு உள்ளே 21, 22 அங்குலமாவது வேண்டும். ஆக வெளி ஆழம் 26 அங்குலம் ஆகிறது. 24-லேயே முடித்தால் ஒவ்வொரு முறையும் கதவில் சட்டைக்கை சிக்கும். தவிர, ஒரு நேரத்தில் பாதி அலமாரிதான் திறக்கும்.

ஆகவே ஆர்டர் கொடுக்குமுன் ஒரு சாக்பீஸ் வாங்குங்கள். கட்டில், அலமாரி இரண்டையும் முழு அளவில் தரையில் வரையுங்கள். அறைக்கதவு, அலமாரிக் கதவு திறக்கும் வளைவுகளையும் போடுங்கள். பிறகு துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோட்டை மிதிக்காமல் ஒரு சுற்று நடந்து பாருங்கள். கணினியில் காட்டும் முப்பரிமாணப் படத்தில் இது தெரியாது. அதில் அறை எப்போதும் விசாலமாகத்தான் இருக்கும்.

சமையலறையில் அழகுக்காக சிலிண்டரை மேடைக்கடியில் பூட்டிவைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். காற்றுத் துளை கதவின் அடிப்பக்கத்தில் இருக்க வேண்டும். மேலே மட்டும் இருந்தால் பயனில்லை. அந்தப் பெட்டிக்குள் பிளக் பாயின்ட் வேண்டவே வேண்டாம். 14.2 கிலோ சிலிண்டரின் குறுக்களவு ஓரடிக்குச் சற்று மேல். கைவிட்டு எடுக்க உள்ளே 15 அங்குல அகலமாவது விடுங்கள்.

வீடு முழுக்க மரைன் பிளை, அதாவது நீர் தாங்கும் பிளைவுட், என்று கொட்டேஷன் வந்தால் யோசியுங்கள். மரைன் பிளைக்கான இந்தியத் தர முத்திரை ஐஎஸ் 710. அது உள்ள பிளை சிங்க் அடியிலும் ஈரம் படும் இடங்களிலும் அவசியம். படுக்கையறை அலமாரிக்குப் பொதுப் பயன்பாட்டுப் பிளையான ஐஎஸ் 303 போதும், அதன் பின்சுவர் குளியலறைச் சுவராக இல்லாதவரை. குளியலறைச் சுவர் என்றால் முதலில் கசிவைச் சரிசெய்து, பிறகு ஓர் அங்குலம் இடைவெளி விட்டு அலமாரியை நிறுத்துங்கள்.

வெளிர் நிறம், எல்லா அறைக்கும் ஒரே டைல், சீலிங்கிலிருந்து தரைவரை திரை: இவை எல்லோரும் சொல்வதுதான், பலனும் உண்டு. முழு ஃபால்ஸ் சீலிங் மட்டும் வேண்டாம். ஒன்பதரை அடி உயரத்தில் அரை அடியை அது விழுங்கினால் ஃபேன் தலைக்குமேல் இறங்கிவிடும்.

ஓபன் கிச்சனுக்காகச் சுவரை எடுக்க நினைத்தால், கட்டடம் மிவான் முறையில், அதாவது அலுமினிய அச்சுகளில் கான்கிரீட் வார்த்து, எழுந்ததா என்று பில்டரிடம் முதலில் கேளுங்கள். அதில் கான்கிரீட் சுவர்களே பாரம் தாங்குகின்றன. மின்குழாய்க்குக் காடி வெட்டுவதுகூடக் கூடாது.