எண்ணெய்ப் படம் காய்கிறது, எண்ணெய்த் துணி சுடுகிறது

"தம்பி, பத்து நாளாச்சு, இன்னும் காயேல்லையோ?" அன்ரி இந்த வாரம் மூன்றாவது தடவையாகப் போன் எடுத்துக் கேட்டார். படம் வெள்ளவத்தையில் என் வீட்டு முன்னறையில் ஈசலில் நிற்கிறது. 4 அடிக்கு 3 அடி கன்வஸ், பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. கிடுகு வேலி, அதன் நடுவில் கூரை போட்ட சங்கடப்படலை, உள்ளே துலாக் கிணறு, பின்னால் பனைகள். அன்ரி பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்து வீடு அது, இப்போது அத்திவாரம் மட்டும்தான் மிச்சம். ஒரு போட்டோகூட இல்லை, அவர் சொல்லச் சொல்லக் கீறியதுதான் எல்லாம். கனடாவிலிருந்து வரும் பேத்தியிடம் கொடுத்துவிட வேண்டும், அதனால் அவசரம்.

ஃபேனைக் கூட்டி வைக்கச் சொன்னார், ஹெயார் டிரையர் பிடித்துப் பார்க்கச் சொன்னார், கடைசியில் "பல்கனி வெயில்ல கொஞ்ச நேரம் வையுங்கோவன்" என்றார். அவரில் பிழை இல்லை. காய்வது என்றால் நமக்கு ஈரச் சேலை காய்வதுதான்: தண்ணீர் போய்விடும், துணி காய்ந்துவிடும். வாட்டர் கலர் அப்படித்தான் காய்கிறது, அக்ரிலிக்கும் அனேகமாக அப்படித்தான். ஒயில் பெயின்ட் வேறு சாதி. அதில் இருப்பது லின்சீட் எண்ணெய், ஆளிவிதையில் எடுப்பது. அதிலிருந்து ஒன்றும் வெளியே போய் அது காய்வதில்லை, காற்றிலுள்ள ஒட்சிசன் உள்ளே போய் எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகுகின்றன. புதுப் படம் காயக் காய எடை குறையும் என்றுதானே நினைப்போம், முதலில் கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

இந்த இறுகலில் சூடு பிறக்கும். இதை எழுத உட்கார்ந்ததே அந்தச் சூட்டுக்காகத்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள், மத்தியானம் வரை தீட்டிவிட்டுப் பிரஷ் துடைத்த பழைய டீசேர்ட் துண்டுகளைக் கசக்கி, ஒரு ஷொப்பிங் பையில் போட்டு, வாயைக் கட்டாமல் குசினிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். பின்னேரம் ஆறு மணி போல் பொரித்த எண்ணெய் கருகுகிற மாதிரி ஒரு மணம். அடுப்பு அணைந்துதான் இருந்தது. பக்கத்து வீட்டில் ஏதோ பொரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே பையைத் தூக்கினால், அடிப்பக்கம் இளகி இழுபட்டு வந்தது. உள்ளே கையை விட்டேன், சுட்டுவிட்டது. வெளிப்பக்கத் துணிகள் சாதாரணமாக இருந்தன, நடுவில் இருந்தது மட்டும் தேயிலைச் சாயம் ஊறிய மாதிரி மண்ணிறமாகி ஓரம் மொறுமொறுத்துக் கிடந்தது. நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. ஆனால் யாரும் தீக்குச்சி உரசவில்லை, பக்கத்தில் பிளக் பொயின்ட்கூட இல்லை. அப்படியே பக்கெட் தண்ணீரில் அமிழ்த்திவிட்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். லின்சீட் துணி தானாகத் தீப்பிடிக்கும் என்று படித்திருந்தேன், என் குசினியில் நடக்கும் என்று நினைக்கவில்லை.

கன்வஸிலும் அதே எண்ணெய்தான், அது ஏன் எரிவதில்லை? கன்வஸில் பூச்சு விரிந்து கிடக்கிறது, பிறக்கிற சூடு அப்போதைக்கப்போதே காற்றோடு போய்விடும். கசக்கிய துணியில் எண்ணெய் நூல் நூலாகப் பரவி நிறையக் காற்றைத் தொடுகிறது, சூடு போக வழியில்லை, சூடு ஏற ஏற இறுகலும் வேகமாகும். தேங்காய் எண்ணெய் இப்படி இறுகாது, எவ்வளவு நாள் வைத்தாலும் பிசுக்காகவே கிடக்கும். தலைக்கும் சமையலுக்கும் அதிலேயே வளர்ந்தவர்கள் நாங்கள், எண்ணெய்த் துணி என்றால் எங்கள் வீடுகளில் யாருக்கும் பயம் வராது. லின்சீட்டை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நான் பெரிதுபடுத்துவதாக நினைப்பவர்களுக்கு ஒன்று. 1991 பெப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்தது. 22ஆம் மாடியில் மரப்பலகைகளுக்கு மெருகேற்றியவர்கள் விட்டுப்போன லின்சீட் துணிகளில்தான் அது தொடங்கியது. தீயணைப்பு வீரர்கள் 3 பேர் இறந்தார்கள். ஆகவே இது ஓவியர் கதை மட்டுமில்லை, வீட்டில் கதவுக்கும் தளபாடத்துக்கும் லின்சீட் கலந்த பொலிஷ் அடிப்பவர்களையும் கவனியுங்கள். "பொயில்ட்" என்று போட்ட லின்சீட் எண்ணெயில் சீக்கிரம் காய்வதற்கான மருந்து சேர்த்திருக்கும், அது இன்னும் வேகம்.

நான் இப்போது செய்வது இவ்வளவுதான்: துடைத்த துணியை ஒவ்வொன்றாக விரித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் வெளியே கொடியில் போடுவேன், அப்பளம் மாதிரி விறைத்த பிறகுதான் குப்பைக்குப் போகும். மழை நாள் என்றால் மூடி உள்ள தகர டின்னில் தண்ணீர் நிரப்பி அதற்குள். டிசுவுக்கும் இதே சட்டம். அதையும் மீறித் தீப்பிடித்துவிட்டால் நின்று போராட வேண்டாம், எல்லாரையும் வெளியே எடுத்துவிட்டுத் தீயணைப்புப் படைக்கு, 110க்கு அடியுங்கள்.

பெயின்டை நீர்க்கச் செய்யவும் பிரஷ் கழுவவும் பாவிக்கும் டர்பன்டைனைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னிடம் படிக்கும் ஒருவர், இரண்டு அறைத் தொடர்மாடி வீடு, குழந்தை நித்திரையான பிறகு அதே அறையில் ஏசியைப் போட்டு ஜன்னலை மூடிக்கொண்டு தீட்டுவார். தலையிடி, தலையிடி என்று கண் டொக்டரிடமும் போய் வந்தார். கண்ணில் ஒன்றும் இல்லை, பக்கத்தில் ஜாம் போத்தலில் டர்பன்டைன் திறந்திருந்தது. ஏசி அந்த அறைக் காற்றையேதான் திரும்பத் திரும்பச் சுற்றும். டர்பன்டைன் ஆவி காற்றைவிடப் பாரமானது, கீழே இறங்கித் தரையோடு நிற்கும். குழந்தை எங்கே படுத்திருந்தது? தரையில், பாயில். டர்பன்டைன் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும். கொழும்பு மத்தியானத்துக்கும் அதற்கும் எத்தனை பாகை வித்தியாசம்? அப்புறம் காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் பிரஷ் கழுவாதீர்கள். அழுக்கு டர்பன்டைனை சிங்கில் ஊற்றவும் வேண்டாம், போத்தலில் மூடி வைத்தால் அழுக்கு அடியில் இறங்கிவிடும், மேலே தெளிந்ததைத் திரும்பப் பாவிக்கலாம்.

சில நிறங்களில் நச்சு உலோகம் இருக்கும், அதனால் டியூப்பைத் திருப்பி நிறமிக் குறியீட்டைப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். பிடபிள்யூ 1 என்றிருந்தால் ஈய வெள்ளை, பிடபிள்யூ 6 டைட்டேனியம். பிவை 35, பிஆர் 108 இரண்டும் காட்மியம். "ஹியூ" என்று பெயரோடு ஒட்டியிருந்தால் அனேகமாக அந்த உலோகம் இல்லாத மாற்று நிறம், படிப்பவர்களுக்கு அதுவே போதும். பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் கெட்ட பழக்கம் எனக்கும் இருந்தது, விட்டுவிட்டேன்.

சரி, அன்ரியின் படம். அடிப் பூச்சு முழுக்க பேர்ன்ட் அம்பர் என்ற மண்ணிறம், டர்பன்டைனில் நீர்க்கத் தீட்டினேன். அம்பரில் மங்கனீசு இருப்பதால் இரண்டு நாளில் காய்ந்துவிட்டது. வேலியும் துலாவும் அதன் மேல். மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும். கீழே எண்ணெய் அதிகமாகி மேலே குறைந்தால், மேற்பூச்சு முதலில் இறுகிவிடும், அடியிலிருப்பது அதற்குப் பிறகும் அசைந்துகொண்டிருக்கும், கடைசியில் வெடிப்புத்தான். ஹெயார் டிரையர் வேண்டாம் என்றதும் இதனால்தான், மேல் தோல் மட்டும் காய்ந்த மாதிரி ஏமாற்றும். இப்போது காயாமல் நிற்பது ஐவரி பிளாக் கலந்த இடங்கள், சங்கடப்படலைக்குள் இருக்கும் நிழலும் கிணற்று வாயும். மழைக்காலக் கொழும்பில் அவை இன்னும் தாமதிக்கும். வார்னிஷ் ஆறு மாதத்துக்குப் பிறகுதான், அது கனடாவில் யாராவது அடிக்கட்டும். அதுவரை பெட்ஷீட்டில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே வைக்காதீர்கள், லின்சீட் இருட்டில் மஞ்சளாகும் என்றும் சொல்லி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரே வந்துவிட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு, "படலைக்கு வெளியில மண்பானை ஒண்டு இருந்தது தம்பி, போறவாற சனம் தண்ணி குடிக்க. சொல்ல மறந்துபோனன்" என்றார். பானை என்றால் இன்னும் இரண்டு பூச்சு, இன்னும் இரண்டு வாரம். சொன்னேன். அவர் அதைக் காதில் போடாமல் பானை இருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். கைபட்டது ஈரம் காயாத நிழலில். "ஐயோ" என்று மேசையிலிருந்த டிசுவை எடுத்து விரலைத் துடைத்து, கசக்கி, கூடையைத் தேடினார்.

அந்தளவு பூச்சு ஒன்றும் எரியாதுதான். ஆனாலும் டிசுவைக் கையிலிருந்து வாங்கி, விரித்து, பல்கனிக் கம்பியில் போட்டேன். "இதையும் காயப் போடுறீங்களோ?" என்று சிரித்தார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, பொலித்தீன் பைக் கதையை அவருக்கு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.