வரைபடத்தில் தொலைந்துபோகும் நாட்கள்

மழையளவு, நீர்மட்டம் என்று தேதிவாரியாக வரும் தரவை வரைபடமாக்கித் தருவது என் வேலை. மென்பொருள் பிழைச்செய்தி காட்டி நின்றுவிட்டால் எனக்குப் பெரிய கவலை இல்லை, தேடிச் சரிசெய்துவிடலாம். எந்த முணுமுணுப்பும் இல்லாமல் அழகாகக் கோடு வந்தால்தான் சந்தேகம்.

முதலில் தேதியைப் பாருங்கள். நாம் நாள் எண்ணை முன்னால் எழுதுகிறோம்: 02-12-2015. பைத்தான் நிரல்மொழியில் தரவைக் கையாள உதவும் பாண்டாஸ் தொகுப்பு, நாம் எதுவும் சொல்லாவிட்டால், முன்னால் இருப்பது மாதம் என்று எடுத்துக்கொள்ளும். அன்று காலை தாம்பரத்தில் பதிவான 49 செ.மீ. மழை பிப்ரவரி 12-க்குப் போய்விடும்! 12-க்கு மேற்பட்ட நாட்களை மாதமாகப் படிக்க முடியாதே? பழைய பதிப்புகள் அவற்றை மட்டும் சரியாகப் படித்துவிட்டு, மற்றவற்றைத் தவறாகவே விட்டுவிடும். 2023-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து, முதல் தேதியின் வடிவம்தான் எல்லாவற்றுக்கும். பொருந்தாத தேதி வந்தால் பிழை காட்டும்.

நல்ல மாற்றம்தான். ஆனால் அந்தப் பிழையைக் கண்டதும் பலர் படிக்க முடியாததைக் காலியாக விடச் சொல்லும் 'எரர்ஸ் = கோயர்ஸ்' (errors='coerce') என்பதைச் சேர்த்துவிடுகிறார்கள். பிழை போய்விடும், கூடவே ஒவ்வொரு மாதத்திலும் 13-ஆம் தேதியிலிருந்து எல்லா நாட்களும் வெற்றாகிவிடும். நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையை 'ஃபார்மேட்' வழியாக நீங்களே கொடுத்துவிடுங்கள். அப்புறமும் கோயர்ஸ் தேவைப்பட்டால், எத்தனை வரிகள் வெற்றாயின என்று எண்ணிப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

தேதி மாற்றப்படாமல் வெறும் எழுத்தாகவே இருந்தால் கண்டுபிடிப்பது எளிது. பைத்தானில் படம் வரையும் மேட்பிளாட்லிப் தொகுப்பு ஒவ்வொரு தேதியையும் தனித்தனிப் பெயராக எடுத்துக்கொள்வதால், அச்சின் கீழே எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கறுப்புப் பட்டையாகத் தெரியும்.

அடுத்து, விடுபட்ட நாட்கள். வரி இருந்து மதிப்பு மட்டும் காலியாக இருந்தால் மேட்பிளாட்லிப் கோட்டை அந்த இடத்தில் உடைத்துக் காட்டும். வரியே இல்லாவிட்டால் இருபக்கப் புள்ளிகளையும் நேராக இணைத்துவிடும். பத்து நாள் இடைவெளி ஒரு மென்மையான சரிவாகத் தெரியும். அதனால் முழு நாட்காட்டியை உருவாக்கி, விடுபட்ட நாளுக்கும் காலி வரி வரும்படி 'ரீஇண்டெக்ஸ்' செய்துவிட்டுத்தான் நான் வரைவேன். இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே தனியாக நிற்கும் ஒரு நாள், புள்ளிக்குறி போடாவிட்டால் கண்ணில் படாது. இன்னொரு வரைகருவியான சீபார்னின் கோட்டு வரைபடமோ காலி மதிப்புகளைத் தூக்கிவிட்டு மீதியை இணைத்துவிடுகிறது. எக்செலில், வெற்று உரையைத் தரும் ஃபார்முலா இருக்கும் செல் பூஜ்ஜியமாக வரையப்படும்.

மழைத் தரவில் இந்தப் பூஜ்ஜியம்தான் பெரிய தொல்லை. மழை பெய்யாத நாளும் அளவு எடுக்காத நாளும் ஒன்றல்ல. பாண்டாஸில் மாதவாரியாகக் கூட்டினால், ஒரு நாள்கூடப் பதிவில்லாத மாதத்துக்கும் கூட்டுத்தொகை 0 என்றே வரும். குறைந்தது ஒரு பதிவாவது வேண்டும் என்று 'மின்_கவுண்ட் = 1' கொடுத்தால் அந்த மாதம் காலியாகவே இருக்கும். இன்னும் கறாராக வேண்டுமென்றால், குறைந்தது 25 நாள் பதிவு வேண்டும் என்பதுபோல ஒரு வரம்பு வைக்கலாம்.

நேர்மாறான சிக்கலும் உண்டு. அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா வெளியிடும் உலகத் தினசரி வானிலைத் தொகுப்பில் விடுபட்ட மதிப்பு -9999 என்று இருக்கும். அதை முதலிலேயே நீக்காவிட்டால் வரைபடம் பாதாளத்துக்கு இறங்கும். வரைபடத்தில் அது உடனே தெரிந்துவிடும், சராசரிக்குள் போய்விட்டால்தான் ஆபத்து.

காலி இடங்களை இட்டு நிரப்பலாமா? வெப்பநிலையில் ஒரு நாள் விடுபட்டால் முன்பின் நாட்களை வைத்து நிரப்புவதை நான் ஏற்பேன். மழைக்குக் கூடாது. புயலும் வெள்ளமும் வரும்போதுதான் மின்சாரம் போகிறது, கருவி மூழ்குகிறது. அதாவது, அதிக மழை பெய்த நாளே விடுபட்ட நாளாக இருக்க வாய்ப்பு அதிகம். நான் அந்த நாட்களைச் சாம்பல் நிறப் பட்டையாகக் காட்டி, விடுபட்ட நாட்களின் எண்ணிக்கையைத் தலைப்புக்குக் கீழேயே எழுதிவிடுகிறேன். படம் அழகாக இல்லை என்று கேட்பவர்களிடமும் அந்தப் பட்டையை எடுக்கச் சம்மதிப்பதில்லை.