பின்னாய்வு: ‘ஆஃப்டர் ஆக்‌ஷன் ரிவ்யூ’வுக்கு ஒரு தமிழ்ச் சொல்

ஜார்ஜ் ஃபிளாய்ட் 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் போலீஸ்காரர் ஒருவரின் முழங்காலுக்கு அடியில் இறந்த பிறகு வெடித்த போராட்டங்களை, அந்த மாநகர அரசு எப்படிக் கையாண்டது என்று வெளி நிறுவனம் ஒன்று அந்த அரசுக்காக ஆராய்ந்து எழுதிய அறிக்கை 2022 மார்ச்சில் வெளியானது. இப்படிப்பட்ட அறிக்கைக்கு ஆங்கிலத்தில் ‘ஆஃப்டர் ஆக்‌ஷன் ரிவ்யூ’ என்று பெயர். அதைத் தமிழில் எழுதுகிறவர்கள் ‘நடவடிக்கைக்குப் பிந்தைய மதிப்பாய்வு’ என்று எழுதுகிறார்கள். ஒரு முறை, இரண்டு முறை என்றால் விட்டுவிடலாம். எந்த நகரத்தைப் பற்றிப் பேசினாலும் இதே தொடர் வருகிறது, சில கட்டுரைகளில் முதல் பத்தியில் மதிப்பாய்வு, மூன்றாவது பத்தியில் மறுஆய்வு, கடைசியில் விசாரணை. மூன்றும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். மூன்றும் வேறு வேறு.

முதலில் சொல் எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘ஆஃப்டர் ஆக்‌ஷன் ரிவ்யூ’ அமெரிக்கத் தரைப்படையின் சொல். 1970களில் பயிற்சி முறையாக உருவாகி, 1993இல் படைத் தலைவர்களுக்கான தனிக் கையேடாகவே வந்தது. பயிற்சி முடிந்ததும் அதில் இருந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும்: என்ன செய்வதாக இருந்தோம், என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது, அடுத்த முறை என்ன செய்யலாம். யார் தப்பு என்று கண்டுபிடிப்பது இதன் வேலை இல்லை என்று அந்தக் கையேடே வற்புறுத்துகிறது. அங்கிருந்து தீயணைப்புத் துறைக்கும் பேரிடர் மேலாண்மைக்கும் போய், அப்புறம் மாநகர அரசுகளுக்கும் போலீஸ் துறைகளுக்கும் வந்தது. ‘ரிவ்யூ’ என்பது பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன், திரும்பப் பார்ப்பது என்று பொருள். அவ்வளவுதான்.

சரி, ‘ஆக்‌ஷன்’? இங்கேதான் மொழிபெயர்ப்பு தடம் புரள்கிறது. படைக்காரர் வாயில் ஆக்‌ஷன் என்றால் மோதல், போர்க்களத்தில் நடந்த சண்டை. ‘நடவடிக்கை’ என்று நாம் அரசுத் தமிழில் சொல்கிறோமே, அது இல்லை. தமிழில் அரசையும் போலீசையும் வைத்துக்கொண்டு நடவடிக்கை என்று சொன்னால் கேட்கிறவர் மனதில் வருவது ஒன்றே ஒன்றுதான்: ‘கடும் நடவடிக்கை எடுக்கப்படும்’, ‘துறை ரீதியான நடவடிக்கை’. அதாவது யார் மீதாவது பாய்வது. இப்போது ‘போராட்டம் குறித்து மாநகர அரசின் நடவடிக்கைக்குப் பிந்தைய மதிப்பாய்வு’ என்று ஒரு வாசகர் படித்தால் என்ன புரிந்துகொள்வார்? போராட்டக்காரர்கள் மீது நடவடிக்கை எடுத்து முடித்துவிட்டார்கள், அது சரியாக நடந்ததா என்று இப்போது பார்க்கிறார்கள் என்றா, போலீஸ்காரர்கள் மீது நடவடிக்கை எடுத்தார்கள் என்றா? இரண்டுமே தவறு. சொல்லுக்குச் சொல் வைத்ததில் நேர் எதிரான பொருள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து ‘மதிப்பாய்வு’. மதிப்பு என்றால் விலை, தகுதி, மதிப்பெண். எடை போட்டு இவ்வளவு என்று சொல்வது மதிப்பிடுதல். மினியாபொலிஸ் அறிக்கை மதிப்பெண் போடவில்லை. நகரத்திடம் எழுத்தில் ஓர் அவசரநிலைத் திட்டம் இருந்தது, நெருக்கடி வந்தபோது அதன்படி நடக்கவில்லை என்று காட்டுகிறது. மே 28 இரவு மூன்றாவது காவல் சரகத்தின் கட்டடம் எரிந்ததை அந்தப் பின்னணியில் வைத்துப் படித்தால்தான் புரியும்.

‘மறுஆய்வு’ என்பதை நான் இன்னும் கடுமையாக எதிர்க்கிறேன், ஏனென்றால் அது தமிழ்போல இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. மறு என்ற முன்னொட்டு வரும் சொற்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். மறுதேர்தல், மறுகூட்டல், மறுவாக்குப்பதிவு. எல்லாவற்றிலும் முதலில் ஒன்று நடந்திருக்கிறது, அது செல்லாமல் போனதாலோ போதாமல் போனதாலோ அதையே இரண்டாம் முறை செய்கிறோம். அப்படியானால் மறுஆய்வுக்கு முன் ஓர் ஆய்வு இருந்திருக்க வேண்டும். எங்கே அது? நடந்தது போராட்டம், அதற்குப் பின் நடந்தது ஆய்வு, முதல் ஆய்வே அதுதான். நீதிமன்றத் தீர்ப்பையோ ஒரு முடிவையோ மீண்டும் எடுத்துப் பார்ப்பதற்கு மறுஆய்வு பொருந்தும், அங்கே அதை வைத்துக்கொள்ளுங்கள். ‘மீளாய்வு’ கொஞ்சம் தேவலாம், மீள் என்பதில் திரும்பிப் பார்க்கும் சாயல் உண்டு. ஆனால் ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமான ஆய்வுக்கும் பாடத்திட்டத்துக்கும் கட்டணத்துக்கும் அதையே சொல்லிச் சொல்லி அது தேய்ந்துவிட்டது. சீராய்வு முழுக்க நீதிமன்றத்துடையது.

அப்புறம் விசாரணை. இதைச் சில இடங்களில் சரியாகவே பயன்படுத்தலாம் என்பதுதான் சிக்கல். அதே 2020 போராட்டங்களைப் பற்றி நியூயார்க்கில் அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான அறிக்கையைத் தயாரித்தது அந்த மாநகர அரசின் விசாரணைத் துறை, அறிக்கையின் பெயரிலேயே விசாரணை என்றுதான் இருக்கிறது. போலீசையே எதிர்த்து நடக்கும் பெரும் போராட்டங்களை எதிர்கொள்ள நியூயார்க் போலீசிடம் தெளிவான திட்டம் இல்லை என்று அது சொன்னது. அதற்கு விசாரணை என்று எழுதினால் நான் குறை சொல்ல மாட்டேன். சியாட்டிலில் நடந்தது வேறு. அங்கே போலீசைக் கண்காணிக்கும் தலைமை ஆய்வாளர் அலுவலகம் பொதுமக்களையும் போலீஸ்காரர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, மருத்துவத் துறையிலிருந்து கடன் வாங்கிய ‘சென்டினல் ஈவென்ட் ரிவ்யூ’ என்ற முறையில் ஆராய்ந்தது. மருத்துவமனையில் நடக்கக்கூடாத ஒன்று நடந்துவிட்டால், அது அடியில் கிடக்கும் கோளாறைக் காட்டும் அபாயமணி என்று எடுத்துக்கொண்டு அமைப்பையே துருவுவது அந்த முறை. இதில் சென்டினலுக்கு அகராதியைப் பார்த்துக் ‘காவலாளி நிகழ்வு’ என்று போட்டால், போலீஸ் பற்றிய கட்டுரையில் அது எங்கே போய் முடியும் என்று யோசியுங்கள். ‘எச்சரிக்கை நிகழ்வு ஆய்வு’ போதும், யாருக்கும் புரியும்.

ஆக, மினியாபொலிஸ் வகை அறிக்கைக்கு என் சொல் ‘பின்னாய்வு’. பின் + ஆய்வு. பின்னுரை, பின்விளைவு, பின்னூட்டம் என்று ஏற்கெனவே நாக்குக்குப் பழகிய வரிசையில் இது வந்து நிற்கிறது. ஆய்தலுக்குத் தொல்காப்பியம் உரியியலில் சொல்லும் பொருள் ‘உள்ளதன் நுணுக்கம்’. இருப்பதையே நுணுக்கமாக்குவது. தீர்ப்புச் சொல்வது, தண்டிப்பது, மதிப்பெண் போடுவது எதுவும் அந்த வேரில் இல்லை. டென்வரில் போலீசைக் கண்காணிக்கும் சுயேச்சைக் கண்காணிப்பாளர் அலுவலகம் அதே போராட்டங்களைப் பற்றி 2020 டிசம்பரில் கொடுத்த அறிக்கை, பல போலீஸ்காரர்களிடம் உடல் கேமராப் பதிவுகள் இல்லாததையும் கூட்டத்தைக் கலைக்க எத்தனை குண்டுகள் பயன்பட்டன என்பதற்குக் கணக்கு வைக்காததையும் எடுத்துக் காட்டியது. அந்த மாதிரி வேலைக்குச் சரியாகப் பொருந்துகிற சொல் ஆய்வுதான்.

‘எதற்குப் பின் என்று அதில் இல்லையே, ஆக்‌ஷன் எங்கே போனது’ என்று ஒரு நண்பர் கேட்டார். களப்பின்னாய்வு என்று வைக்கலாமே என்றார். வேண்டாம் என்றேன். படைக்கு அது களம், சரி. தெருவில் இறங்கிய தன் மக்களை ஒரு நகரம் எதிரிப் படையாகப் பார்க்கக்கூடாது, அந்தப் பார்வையைச் சொல்லிலேயே ஏற்றிவைக்க நான் தயாராக இல்லை. எதற்குப் பின் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘போராட்டப் பின்னாய்வு’, ‘வெள்ளப் பின்னாய்வு’ என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தச் செய்திகளில் இன்னும் இரண்டு சொற்கள் என்னை உறுத்துகின்றன. ஒன்று, ‘அன்ரெஸ்ட்’ என்று வந்த இடமெல்லாம் கலவரம் என்று எழுதுவது. கொந்தளிப்பு என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. நடந்தவற்றில் பெரும்பாலானவை அமைதியான ஊர்வலங்கள். மினியாபொலிஸ் அறிக்கையின் தலைப்பிலேயே கலவரம் என்ற சொல் இல்லாதபோது மொழிபெயர்ப்பாளர் அதைக் கொண்டுவந்து சேர்ப்பது எந்த நியாயம்? இன்னொன்று, ‘லெஸ் லீத்தல்’ குண்டுகளை ‘உயிருக்கு ஆபத்தில்லாத குண்டுகள்’ என்பது. ஆங்கிலத்தில் குறைவு என்றுதான் இருக்கிறது, இல்லை என்று இல்லை. அந்தப் போராட்டங்களில் அப்படிப்பட்ட குண்டு பட்டுக் கண்ணை இழந்தவர்கள் இருக்கிறார்கள். ‘உயிராபத்து குறைந்த’ என்று எழுத இரண்டு சொற்கள் போதும், அதைச் செய்யாமல் விடுவது சோம்பல்.

கடைசியாக நான் படித்த தலைப்பு இது: ‘கலவரம் குறித்த நடவடிக்கைக்குப் பிந்தைய மறுஆய்வு அறிக்கையை மினியாபொலிஸ் வெளியிட்டது’. என்னிடம் வந்திருந்தால் இப்படி மாற்றியிருப்பேன்: ‘2020 போராட்டங்களைக் கையாண்டதில் எங்கே தவறினோம்: மினியாபொலிஸ் மாநகர அரசின் பின்னாய்வு அறிக்கை’.