இந்தியில் பாராட்டத் தெரியுமா?

கோவையில் பல வருடங்களாகப் பேச்சு இந்தி சொல்லித்தருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பரீட்சைக்காக வருவதில்லை. வங்கியில் கான்பூருக்கு மாற்றல், குருகிராமில் புது வேலை, ஜவுளி எடுக்க மாதம் இருமுறை சூரத் பயணம் என்று ஏதாவது ஒரு தேவை இருக்கும். வழி கேட்பது, பேரம் பேசுவது எல்லாம் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். பாராட்ட மட்டும் ‘பஹுத் அச்சா’ ஒன்றுதான் அவர்கள் கையில் இருக்கிறது. டீ ருசியாக இருந்தாலும் அதுதான், சக ஊழியர் ராத்திரி முழுக்கக் கண்விழித்து வேலையை முடித்துக் கொடுத்தாலும் அதுதான். வேலை செய்தவருக்கு அதில் ஒரு குறை தெரியும். நம்மிடம் ஒருவர் எப்போதும் ‘மிக நன்று’ என்று மட்டுமே சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

என் மாணவர் ஒருவர் கான்பூர் போன இரண்டாவது வாரம் போன் செய்தார். மேலதிகாரி கூட்டத்தில் நன்றாகப் பேசி முடித்ததும் இவர் உற்சாகமாக “ஷாபாஷ் சர்!” என்றிருக்கிறார். அறையே அமைதியாகிவிட்டதாம். “நம்ம சபாஷ்தானே மேடம், அதில் என்ன தப்பு?” என்று கேட்டார். அதே சொல்தான். ‘ஷாத் பாஷ்’, அதாவது ‘மகிழ்ந்திரு’ என்ற பாரசீகத் தொடரிலிருந்து வந்தது. ஆனால் இன்றைய இந்தியில் அது மேலிருந்து கீழே வரும் சொல். ஆசிரியர் மாணவனுக்கு, அப்பா பிள்ளைக்கு, பயிற்சியாளர் ஆட்டக்காரருக்குச் சொல்வது. அதிகாரியிடம் “க்யா பாத் ஹை சர்!” என்றிருக்கலாம், அடடா, பிரமாதம் என்பதுபோல. “ஆப்னே தோ கமால் கர் தியா”, அதாவது அசத்திவிட்டீர்கள் என்றால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

பாராட்டுச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு திசை உண்டு. யார் யாருக்குச் சொல்வது, எந்த ஊரில் சொல்வது என்று தெரியாமல் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தால் நல்ல மனதோடு சொன்னதே வம்பாகிவிடும். சமூக வலைத்தளங்களில் ‘பத்து இந்திப் பாராட்டுச் சொற்கள்’ என்று வரும் வீடியோக்கள் இதைச் சொல்வதே இல்லை. எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் அதுதான்.

முதலில் நல்ல செய்தி. நம்மவர்கள் இந்தியில் வாய் திறக்கத் தயங்குவதற்குப் பெரிய காரணம் ஆண்பால், பெண்பால் குழப்பம். சாய் (டீ) பெண்பால், ஆகவே ‘அச்சீ’. கானா (சாப்பாடு) ஆண்பால், ஆகவே ‘அச்சா’. ஆனால் பேச்சுவழக்கில் புழங்கும் பல பாராட்டுச் சொற்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. படியா, மஸ்த், ஜபர்தஸ்த், கஜப், லாஜவாப் எல்லாம் அருமை, அபாரம் என்பதுபோன்ற சொற்கள், எதன் பக்கத்தில் வந்தாலும் அப்படியேதான் இருக்கும். ‘கமால் கர் தியா’வும் அப்படித்தான். செய்தவர் ஆணானாலும் பெண்ணானாலும் மாறாது. ‘சா கயே’, அதாவது எங்கும் நிறைந்துவிட்டீர்கள் என்பது மட்டும் பெண்ணிடம் சொல்லும்போது ‘சா கயீ’ ஆகும். தொடக்கத்தில் மாறாத சொற்களையே கைக்கொள்ளுங்கள், பயம் பாதி போய்விடும். ‘படியா’வைச் சொல்லும்போது மட்டும் முதல் எழுத்தில் கவனம் வேண்டும். அது ‘புடியா’ ஆகிவிட்டால் கிழவி என்று பொருள். தமிழ் எழுத்தில் இந்த ஒலிகள் முழுதாக வராது என்பதால் ஒருவர் சொல்லக் கேட்டே பழகுங்கள்.

ஊருக்கு ஊர் சொல் மாறும். பிரமாதம் என்பதற்கு மும்பையில் ‘ஜகாஸ்’, ‘ஏக் நம்பர்’, ‘கடக்’. பீகார்காரர்கள் ‘கர்தா உடா தியா’ என்பார்கள். கர்தா என்றால் தூசி. தூள் கிளப்பிட்ட என்று நாம் சொல்கிறோமே, அதே உணர்வு. உத்தரப் பிரதேசத்தில் ‘பௌகால்’ கேட்பீர்கள். ஒருவருடைய கெத்தைப் பார்த்து வியக்கும் சொல் அது. நண்பர்களுக்குள் சரி, அதிகாரியிடம் வேண்டாம், கிண்டல் செய்வதுபோல் ஆகிவிடும். ‘ஏக் நம்பர்’ தனியாக நின்றால் பாராட்டு. பின்னால் ஒரு ‘கா’ சேர்த்து ‘ஏக் நம்பர் கா ஜூட்டா’ என்றால் முதல்தரப் பொய்யன் என்று அர்த்தம்.

தமிழுக்குள் ஏற்கெனவே இருக்கும் சொற்கள்தான் நம்மை அதிகம் ஏமாற்றுகின்றன. உஷார் என்பது ‘ஹோஷியார்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. பள்ளிப் பிள்ளையை ‘ஹோஷியார்’ என்றால் கெட்டிக்காரன் என்று பொருள். வளர்ந்தவரிடம் “பஹுத் ஹோஷியார் பன் ரஹே ஹோ” என்றால் ரொம்பத்தான் புத்திசாலித்தனம் காட்டுகிறாய் என்ற எரிச்சல். ‘சாலாக்’ இன்னும் மோசம். அகராதியில் கெட்டிக்காரர் என்று பார்த்துவிட்டு “ஆப் பஹுத் சாலாக் ஹை” என்று பாராட்டியவர்களை எனக்குத் தெரியும். கேட்டவருக்கு அது ‘நீங்கள் தந்திரக்காரர்’ என்றே விழுந்திருக்கும். ‘சமஜ்தார்’ என்று சொல்லுங்கள், விவேகமுள்ளவர் என்று பொருள், யாரிடமும் சொல்லலாம்.

இளைஞர்களிடம் ‘ஃபாட் தியா’ என்பது சாதாரணம், கிழித்துவிட்டாய் என்பதுபோல. ஆனால் அதே வினை ‘ஃபாட் தீ’ என்று பெண்பாலில் முடிந்தால் அச்சில் எழுத முடியாத கொச்சையாகிவிடும். அட்டகாசம் என்ற பொருளில் வரும் ‘ஃபாடூ’விலும் அந்த வாடை உண்டு. இலக்கணத்தில் தடுமாறுகிறவர்கள் இந்தப் பக்கமே போகாதீர்கள். ‘ஃபோட் தியா’ (உடைத்துவிட்டாய், அதாவது அசத்திவிட்டாய்) போதும்.

அப்புறம், வகுப்பில் நான் குரலை உயர்த்திச் சொல்லும் ஒன்று. மால் (சரக்கு), படாகா (பட்டாசு), ஐட்டம், சீஸ் (பொருள்) ஆகிய சொற்களைப் பெண்களைப் பற்றிய ‘பாராட்டு’ என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் நம்பாதீர்கள். அவை பெண்ணைச் சரக்காக்கும் சொற்கள். 2022-இல் மும்பை போக்சோ சிறப்பு நீதிமன்றம், ஒரு சிறுமியின் முடியைப் பிடித்து இழுத்து ‘ஐட்டம்’ என்று அழைத்த இளைஞருக்கு ஒன்றரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அந்தச் சொல் பெண்ணைப் பாலியல் நோக்கில் ஒரு பொருளாக்குகிறது என்றே தீர்ப்பு சொன்னது. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் பாலியல் சாயல் கொண்ட பேச்சைத் துன்புறுத்தலாகவே கணக்கில் எடுக்கிறது. ‘மொழி தெரியாமல் சொல்லிவிட்டேன்’ என்பது எதிரே இருக்கும் பெண்ணின் வலியைக் குறைக்காது. சக ஊழியையைப் பாராட்ட வேண்டுமா? அவருடைய வேலையைப் பாராட்டுங்கள். “ஆப்கா காம் லாஜவாப் ஹை”, உங்கள் வேலை லாஜவாப். லாஜவாப் என்றால் பதிலே இல்லாதது, அதாவது ஈடிணையற்றது.

வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் “மஜா ஆ கயா”, அதாவது ரசித்துச் சாப்பிட்டேன் என்று மனதாரச் சொல்லுங்கள். சமைத்தவரிடம் “ஆப்கே ஹாத் மே ஜாதூ ஹை” (உங்கள் கையில் மாயம் இருக்கிறது) என்றால் நம்முடைய கைப்பக்குவத்தைச் சொன்ன மாதிரி. குழந்தையைக் கொஞ்சிப் பாராட்டினால் “நஜர் ந லகே” என்று கூடவே சொல்வார்கள், கண் பட்டுவிடக் கூடாதே என்று. முஸ்லிம் வீடுகளில் அந்த இடத்தில் ‘மாஷா அல்லாஹ்’ வரும். திருஷ்டிப் பொட்டு வைத்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பழகிப் பார்க்க ரயிலேற வேண்டியதில்லை. கோவையிலும் திருப்பூரிலும் எத்தனையோ உணவகங்களில் பீகார், உத்தரப் பிரதேசத் தம்பிகள் வேலை செய்கிறார்கள். அவர்கள் போட்ட ரொட்டி நன்றாக இருந்தால் “பாயி, ஏக்தம் படியா!” (தம்பி, ரொம்ப அருமை) என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் “அரே நஹீ பையா” (அட, அதெல்லாம் இல்லை அண்ணா) என்று கூச்சத்தோடு பதில் வரும். உங்களை யாராவது பாராட்டும்போது சொல்ல வேண்டிய பதிலும் அதுதான்.