பாலத்துக்கு விளக்கு போடும் முன் கீழே இறங்கிப் பாருங்கள்

போன மாதம் இன்னொரு சிறு நகரம், இன்னொரு பாலம். கடைத்தெருவையும் அதன் முனையில் இருக்கும் ஆற்றுப் பாலத்தையும் சீரமைத்து ஊருக்கு மறுபடி உயிர் கொடுக்கப் போகிறோம், வரைபடத்தை ஒரு பார்வை பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். வரைபடம் அழகுதான். கைப்பிடிச் சுவருக்கு வண்ணம், வரிசையாக அலங்கார விளக்கு, தெரு முழுக்கப் புதுத் தார். சரி, பாலத்துக்குக் கீழே யாராவது போனீர்களா என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இறங்கிப் பார்த்தால் நடுத்தூணின் அஸ்திவாரம் ஒரு பக்கம் வெளியே தெரிகிறது, தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே இருக்கும் தாங்கி, அதாவது பேரிங், எல்லாம் மண்ணில் புதைந்து கிடக்கிறது, உத்தரத்தின் அடியில் கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி பல்லிளிக்கிறது. இதே காட்சியை எத்தனை ஊர்களில் பார்த்தேன் என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

பழைய தாரின் மேல் புதுத் தார் போட்டால் அது புதுச் சாலை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அது பழைய சாலைதான், மேலே ஒரு போர்வை போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவே. அடியில் ஜல்லிப் படுகை தண்ணீர் ஊறித் தளர்ந்திருந்தால் மேலே கிடக்கும் தாரும் அதோடு சேர்ந்துதான் ஆடும். கீழே இருந்த விரிசல் கொஞ்ச நாளில் அதே கோட்டில் மேலே வந்து நிற்கும். அதுகூடப் பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் 4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஐந்து முறையில் தெரு 20 சென்டிமீட்டர் ஏறிவிடுகிறது. கடை வாசல் ஏறவில்லை. மழைத்தண்ணீர் தெருவில் ஓடாமல் கடைக்குள் ஓடுகிறது. கடைக்காரர் என்ன செய்வார்? வாசலில் ஒரு மேடு கட்டுவார், அது நடைபாதையில் நீட்டிக்கொண்டு நிற்கும், நடப்பவர்கள் வண்டிகளுக்கு நடுவே இறங்குவார்கள், வயதானவர்களும் குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவர்களும் அந்தப் பக்கம் வருவதையே குறைத்துக்கொள்வார்கள். அப்புறம் கடைத்தெரு ஏன் ஈ ஓட்டுகிறது என்று கூட்டம் போட்டுப் பேசுவோம்.

பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். செலவு கூடும் என்பார்கள். கூடட்டும். தெருவில் நாலு இடத்தில் குழி வெட்டி அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் மதிப்பீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பாலத்தின் மேல் இதே பழக்கம் இன்னும் மோசம். 7 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம் உள்ள ஒரு கண்ணில் (இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதியில்) கூடுதலாக 10 சென்டிமீட்டர் தார் ஏறினால் 30 டன்னுக்கு மேல் எடை, அதுவும் ராப்பகலாக இறங்காத எடை. பாலத்தை வடிவமைத்தவர் கணக்கில் அது இல்லை. 2007 ஆகஸ்டில் அமெரிக்காவின் மினியாபோலிஸில் மிசிசிப்பி ஆற்றின் மேல் இருந்த நெடுஞ்சாலைப் பாலம் விழுந்து 13 பேர் இறந்தார்கள். மூலக் குறை வடிவமைப்பில்தான்: இணைப்புத் தகடுகள் தேவையான தடிமனில் இல்லை. ஆனால் முந்தைய சீரமைப்புகளில் ஏறிய எடையும், அன்று பாலத்தின் மேல் குவித்திருந்த கட்டுமானப் பொருட்களும் சேர்ந்துதான் அதைச் சாய்த்தன என்று விசாரணை சொன்னது. மேம்படுத்துகிறோம் என்று ஏற்றிய சுமை.

பாலத்தைச் சாய்ப்பதில் லாரியைவிடத் தண்ணீருக்குத்தான் பெரிய பங்கு. தூணின் அடியில் இருக்கும் மண்ணை அது அரித்துக்கொண்டு போய்விடும். ஓடும் ஆற்றில் காலூன்றி நின்று காலடி மணல் நழுவுவதை உணர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹரி ஓடைப் பாலம் 1987 ஏப்ரல் வெள்ளத்தில் இப்படித்தான் போனது. 10 பேர் இறந்தார்கள். இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. வெள்ளத்தின்போது தூணைச் சுற்றிப் பறிக்கும் பள்ளத்தை, வடியும்போது ஆறே தளர்ந்த மண்ணால் மூடிவிடும். பிறகு போய்ப் பார்த்தால் எல்லாம் சமமாக இருக்கும். அதனால் கண்ணால் பார்த்தது போதாது, கம்பியைக் குத்தி ஆழம் பாருங்கள், போன முறை எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள்.

தெருவை அகலப்படுத்துவது பற்றியும் ஒரு வார்த்தை. அகலம் கூடினால் வண்டி வேகமாகப் போகும், நிற்காது. நிற்காத வண்டியால் எந்தக் கடைக்கும் வியாபாரம் இல்லை. கனரக லாரியும் ஊருக்குள் புகும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா நகருக்குப் பக்கத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டிப் பார்த்த சோதனையின்படி, அச்சின் மேல் உள்ள சுமை இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் சுமார் 16 மடங்கு. கிடைத்த அகலத்தை நடைபாதைக்கும் வடிகாலுக்கும் மரத்துக்கும் கொடுங்கள்.

பாலத்தின் மேல் விழும் மழைத்தண்ணீர் வடியும் குழாய்களில் அடைத்த மண்ணை மழைக்கு முன் எடுங்கள். இரண்டு ஆளும் ஒரு கம்பியும் போதும், அதற்கு டெண்டர் எதற்கு? வெயிலில் பாலம் விரிந்து கொடுக்க விட்டிருக்கும் இடைவெளியை, அதாவது எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டை, தாரால் மூடாதீர்கள். எடை வரம்புப் பலகை வைத்தால் தயவுசெய்து அதை மதியுங்கள், ராத்திரியில் யாரும் பார்க்கவில்லை என்று தடுப்பை நகர்த்தாதீர்கள். பாலம் மூடினால் ஆம்புலன்ஸும் பள்ளி வண்டியும் சுற்றிப் போக வேண்டும் என்பது உண்மைதான், அந்த வலி எனக்கும் புரிகிறது.

அந்த ஊர்க்காரர்கள் விளக்கைத் தள்ளிவைக்க ஒத்துக்கொண்டார்கள். வண்ணத்தை விட மட்டும் மனசில்லை. அடியுங்கள், கைப்பிடிச் சுவரோடு நிறுத்துங்கள் என்றேன். உத்தரத்தில் பூசினால் விரிசல் மறைந்துவிடும், அடுத்த முறை கீழே இறங்குபவருக்கு அது தெரிய வேண்டும்.