ரீலோட் கொடுத்ததும் உள்ளே என்ன நடக்கிறது?

என்ஜின்எக்ஸ் (nginx) என்ற வெப் சர்வர் எப்படி ஓட வேண்டும் என்று எழுதிவைத்த கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரியை மாற்றிவிட்டு, அதை நிறுத்தாமலே மாற்றத்தை ஏற்கச் சொல்லி ரீலோட் கொடுக்கிறீர்கள். அதே நொடியில் யாரோ ஒருவர் அந்த சர்வரிலிருந்து 2 ஜிபி ஃபைலை இறக்கிக்கொண்டிருக்கிறார். அவருடைய டவுன்லோட் அறுவதில்லை.

என்ஜின்எக்ஸில் மாஸ்டர் என்று ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்), அதற்குக் கீழே சில வொர்க்கர்கள். பிரவுசரோடு பேசுவதெல்லாம் வொர்க்கர்தான். ரீலோட் என்பது மாஸ்டருக்குப் போகும் ஒரு சிக்னல், அதாவது ஒரு புராசஸுக்கு அனுப்பும் சிறு அறிவிப்பு. அது வந்ததும் மாஸ்டர் புதிய கான்ஃபிக்கைப் படிக்கும், லாக் ஃபைல்களைத் திறக்கும், புதிய போர்ட் (இணைப்புகள் வந்து சேரும் எண்ணிட்ட வாசல்) கேட்டிருந்தால் அதையும் பிடிக்கும். இதில் எது தவறினாலும் கட்டியதைக் கலைத்துவிட்டுப் பழையபடியே ஓடும். எல்லாம் சரியாக அமைந்தால்தான் புதிய வொர்க்கர்களைக் கிளப்பும். பழைய வொர்க்கர்கள் கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டுப் போகும். நெடுநேரம் திறந்தே இருக்கும் வெப்சாக்கெட் இணைப்பு இருந்தால் மணிக்கணக்கில் போகாது. அடிக்கடி ரீலோட் செய்கிற சர்வரில் இந்தப் பழைய வொர்க்கர்கள் சேர்ந்து மெமரியைத் தின்னும். இதற்குக் கெடு வைக்க ஓர் அமைப்பு உண்டு.

இன்னொரு வெப் சர்வரான அப்பாச்சியில் வரிசையே வேறு. தாய் புராசஸ் பழைய கான்ஃபிக்கைக் கழற்றிய பிறகுதான் புதியதைப் படிக்கிறது. அதில் பிழை இருந்தால் தாயே வெளியேறிவிடும். அதனால்தான் அப்பாச்சியின் கட்டுப்பாட்டுக் கட்டளை முதலில் சரிபார்த்துவிட்டு அப்புறம் சிக்னல் அனுப்புகிறது. ‘கில்’ கட்டளை போட்டு சிக்னலை நேரடியாக அனுப்புகிறவருக்கு அந்தக் காவல் கிடையாது.

என்ஜின்எக்ஸ் தப்பித்துக்கொள்வதிலும் ஒரு வம்பு உண்டு. புதிதாக 8080 போர்ட்டைச் சேர்க்கிறீர்கள். அதை ஏற்கெனவே வேறொரு புரோகிராம் பிடித்து வைத்திருக்கிறது. கான்ஃபிக்கைச் சரிபார்க்கும் சோதனைக் கட்டளை ‘சரி’ என்கிறது, ஏனென்றால் போர்ட் பிஸியாக இருப்பதை அது கண்டுகொள்ளாது. ரீலோட் கட்டளையும் சத்தமில்லாமல் முடிகிறது. எரர் லாக்கில் மட்டும் ஒரு வரி. பழைய கான்ஃபிக்தான் ஓடுகிறது. நீங்களோ மாறிவிட்டதாக நினைத்துத் தூங்கப் போகிறீர்கள். என்றைக்காவது மெஷின் ரீபூட் ஆகும்போது அந்தப் போர்ட் மோதலால் பூதம் கிளம்பும். சர்வர் விழுந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். இது அதைவிட மோசம் என்பேன். ரீலோட்டுக்குப் பிறகு லாக்கைப் பாருங்கள், வொர்க்கர்களின் புராசஸ் எண் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சர்வரோடு சேர்க்கும் கூடுதல் பகுதியான மாட்யூல் விஷயம் இன்னும் நுணுக்கம். என்ஜின்எக்ஸ் 2016 முதல் மாட்யூல்களைத் தனி ஃபைலாக ஏற்றிக்கொள்கிறது. ஆனால் அதே பெயரில் புதிய ஃபைலை வைத்து ரீலோட் செய்தால், லினக்ஸில் பழையதே தொடரும். பழைய மாட்யூல் இன்னும் மெமரியில் இருப்பதால், ‘இது ஏற்கெனவே ஏற்றியதுதானே’ என்று மாட்யூலை ஏற்றித்தரும் சிஸ்டம் லைப்ரரி அதையே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. வைக்கும் விதமும் முக்கியம். ஓடுகிற ஃபைலின் மேலேயே காப்பி செய்தால் வொர்க்கர் கிராஷ் ஆகலாம். வேறு பெயரில் வைத்து ‘மூவ்’ செய்தால் பழைய ஃபைல் கலையாமல் இருக்கும். புதிய மாட்யூல் உயிர்பெற இன்னொரு மாஸ்டரையே கிளப்ப வேண்டும். அதற்கும் ஒரு சிக்னல் உண்டு: திறந்திருக்கும் சாக்கெட்டுகளை (பிடித்து வைத்திருக்கும் போர்ட்டுகளின் இணைப்பு முனைகளை) புதிய மாஸ்டருக்குக் கைமாற்றிவிட்டு, பழையது பக்கத்திலேயே நிற்கும். புதியது சொதப்பினால் அதை இறக்கிவிட்டுப் பழையதை மறுபடி எழுப்பிக்கொள்ளலாம்.